பிரெக்ஸிட்டுக்குப் பிறகு சிப்பியும் நண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதையில் மீனவர்கள் முன்வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் அந்த வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே தொழில் செய்பவர்கள் இல்லை. சிப்பி, நண்டு, சங்கு பிடித்து வாழும் சிறு படகுக்காரர்களுக்கு ஒப்பந்தங்கள் என்ன செய்தன என்று வாசகர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

யார் இந்தச் சிறு மீனவர்கள்?

10 மீட்டருக்கும் குறைவான படகு. ஒருவர், மிஞ்சினால் இருவர். விடியலில் போய் அன்றே கரை திரும்பும் தொழில். பிரிட்டனின் மீன்பிடிப் படகுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு இந்த அளவுதான். டெவன், கார்ன்வால் கரைகளில் கடலடியில் கூடு இறக்கிப் பழுப்பு நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அதே போன்ற கூடுகளில் லாங்குஸ்டின் என்னும் மெலிந்த, ஆரஞ்சு நிறச் சிங்கி விழுகிறது. ஸ்பெயின் சந்தைக்கு அது உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. பிரிஸ்டல் கால்வாயில் வெல்க் என்னும் சங்கு, தேம்ஸ் கழிமுகத்தில் காக்கிள் என்னும் மட்டி, வேல்ஸின் மெனாய் நீரிணையில் மசல் என்னும் கருநீலச் சிப்பி. கார்ன்வாலின் ஃபால் கழிமுகத்தில் ஆளி (ஆய்ஸ்டர்) என்னும் சிப்பி எடுப்பவர்கள் பாய்மரப் படகையும் கைவலுவையும் மட்டுமே நம்ப வேண்டும். என்ஜின் ஓட்டி ஆளி வாரக் கூடாது என்பது அங்கே பழைய விதி.

இவ்வளவு ரகம் இருந்தாலும் ஒரு விஷயம் பொது. பிடிப்பதில் பெரும்பகுதியை பிரிட்டிஷ்காரர்கள் சாப்பிடுவதில்லை. பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் சாப்பாட்டு மேசைகளை நம்பித்தான் இந்தத் தொழில் வளர்ந்தது.

ஒப்பந்தத்தில் மீன்பிடி பற்றி என்னதான் முடிவானது?

2020 டிசம்பர் 24 அன்று வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம் முடிவாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த மீனின் மதிப்பில் 25 சதவீதம், ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாகப் பிரிட்டனின் ஒதுக்கீட்டுக்கு (ஒரு மீனை இவ்வளவு பிடிக்கலாம் என்று வகுத்த பங்கு) மாறும் என்று அதில் எழுதப்பட்டது. அதுவரை, அதாவது 2026 ஜூன் 30 வரை, ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலுக்குள் வந்து பிடிக்கலாம். மீன்பிடிக் கணக்கின் சாரம் அவ்வளவுதான்.

அந்த 25 சதவீதத்தில் நண்டு, சிப்பி மீனவர்களுக்கு என்ன பங்கு?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒதுக்கீடு என்பது ஹெர்ரிங், கானாங்கெளுத்தி, காட் போன்ற மீன்களுக்கானது. பழுப்பு நண்டு, சிங்கி இறால், வெல்க், மசல் ஆகியவற்றுக்கு ஒதுக்கீடே கிடையாது. இல்லாத ஒன்றில் கால் பங்கு கூடினால் எவ்வளவு கூடும்? லாங்குஸ்டின் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒதுக்கீடு உண்டு. ஆனால் கூடு வைத்துப் பிடிப்பவருக்கு அன்றைய கவலை எவ்வளவு பிடிக்கலாம் என்பதல்ல, பிடித்ததை எங்கே விற்பது என்பதுதான்.

கூடுதல் ஒதுக்கீட்டின் பெரும்பகுதி பெரிய கப்பல்களின் கைக்குத்தான் போனது. மேசையில் எந்த மீனைப் பற்றிப் பேரம் நடந்தது என்பதைப் பார்த்தாலே யாருடைய குரல் அறைக்குள் கேட்டது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் அடி எங்கிருந்து விழுந்தது?

காகிதத்திலிருந்து. ஒப்பந்தம் சுங்க வரியை நீக்கியது; சோதனைகளை நீக்கவில்லை. 2020 டிசம்பர் 31 வரை ஸ்காட்லாந்துக் கரையில் ஏற்றிய லாங்குஸ்டின் ஓரிரு நாளில் பிரான்ஸின் பூலோன் சந்தைக்கு, உள்நாட்டுச் சரக்கு போலவே போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ், மீன் சட்டப்படிப் பிடிக்கப்பட்டதற்கான சான்றிதழ், சுங்க அறிக்கை, நுழையும் நாட்டின் மொழியிலும் அச்சிட்ட படிவங்கள், பிறகு எல்லையில் சோதனைச் சாவடி. சுகாதாரச் சான்றிதழுக்கு மட்டும் 200 பவுண்டு வரை செலவு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டிஷ் சரக்குக்கு ஐரோப்பா முதல் நாளே சோதனையைத் தொடங்கியது. ஐரோப்பிய உணவுச் சரக்குக்கு பிரிட்டன் அதே சோதனையைத் தள்ளித் தள்ளி 2024-ல்தான் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் எதிர்த்திசையில் கதவு திறந்தே கிடந்தது.

2021 ஜனவரியில் நடந்த குழப்பம் எவ்வளவு பெரியது?

முதல் வாரத்திலேயே லாரிகள் தேங்கின. ஸ்காட்லாந்திலிருந்து சிறு வியாபாரிகளின் சரக்கை ஒன்றுசேர்த்து அனுப்பும் சேவையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. உயிருள்ள நண்டுக்கும் லாங்குஸ்டினுக்கும் ஒரு நாள் தாமதம் என்றால் பாதி விலை. இரண்டு நாள் என்றால் குப்பை. கூடு இறக்கினால் நட்டம் என்று பலர் படகைக் கரையிலேயே கட்டிப்போட்டார்கள்.

ஜனவரி 18 அன்று கடலுணவு லாரிகள் லண்டனுக்கு வந்து பிரதமர் அலுவலகம் இருக்கும் தெருவருகே வரிசையாக நின்றன. திறமையற்ற அரசு சிப்பித் தொழிலை அழிக்கிறது என்று லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மோக் நாடாளுமன்றத்தில், இப்போது அவை பிரிட்டிஷ் மீன்கள், அதனால் முன்பைவிட மகிழ்ச்சியாக இருக்கின்றன என்று பேசியிருந்தார். மீனின் மனநிலையை அவர் எப்படி அறிந்தார் என்பது வேறு விஷயம். மீனவரின் மனநிலையை அறிய நாலு நாள் காத்திருந்திருந்தால் போதும்.

பெரிய நிறுவனத்துக்கும் இதே சட்டம்தானே? சிறியவருக்கு மட்டும் ஏன் கூடுதல் வலி?

சான்றிதழ் கட்டணம் எடைக்கு அல்ல, சரக்குக்கு. 20 டன் சால்மன் அனுப்பும் நிறுவனத்துக்கும் 80 கிலோ சிங்கி இறால் அனுப்பும் குடும்பத்துக்கும் காகிதம் ஒன்றுதான். முதலாமவருக்கு அது கிலோவுக்கு ஒரு பென்னி, அதாவது பவுண்டில் நூறில் ஒரு பங்கு. இரண்டாமவருக்கு இரண்டு பவுண்டுக்கு மேல்.

இன்னொன்று, சிறியவர் தனி லாரி எடுக்க முடியாது. பத்துப் பதினைந்து பேருடைய பெட்டிகளை ஒரே லாரியில் ஏற்றித்தான் இத்தனை காலம் அனுப்பினார்கள். புதிய முறையில் அந்தப் பதினைந்து பேரில் ஒருவருடைய தாளில் ஒரு எண் தவறினாலும் முழு லாரியும் நிற்கும். பிசகு ஒருவருடையது, அழுகுவது எல்லோருடைய சரக்கும். சிறு தொழிலுக்கு உதவியாக இருந்த கூட்டு ஏற்பாடே சுமையாக மாறியது இப்படித்தான்.

'பி வகுப்பு நீர்' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் பொறுமையாக வாசிக்க வேண்டிய பதில் இதுதான்.

மசல், ஆளி, காக்கிள் போன்ற இருவோட்டுச் சிப்பிகள் கடல்நீரை வடிகட்டித் தின்று வாழ்பவை. நீரில் கழிவு கலந்திருந்தால் கிருமியும் உடலில் தங்கும். அதனால் அவை வளரும் நீர்ப்பகுதியை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறார்கள். அளவுகோல் ஈ.கோலை பாக்டீரியா. 100 கிராம் சதையில் 230-க்குள் இருந்தால் ஏ வகுப்பு. எடுத்த கையோடு விற்கலாம். 4,600 வரை என்றால் பி வகுப்பு. சுத்திகரித்த பிறகோ, தூய நீரில் மறுபடி இட்டு வைத்த பிறகோ, சமைத்த பிறகோதான் விற்கலாம். எல்லா மாதிரிகளும் இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்றில்லை, சிறு சலுகை உண்டு. அதற்கும் மேலே சி வகுப்பு. அதற்கு விதி இன்னும் கடுமை. இங்கிலாந்து, வேல்ஸ் கரையின் சிப்பிப் படுகைகளில் பெரும்பாலானவை பி வகுப்பு.

பிரிட்டன் உள்ளே இருந்த காலத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. மெனாயில் வாரிய மசலை அப்படியே மொத்தமாக லாரியில் கொட்டி நெதர்லாந்தின் யெர்செகே ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே கடலில் இட்டு மணல் கக்கவைத்து, கழுவி, பொட்டலமாக்கி விற்றார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே சட்டம், ஒரே சந்தை.

ஆனால் ஒன்றியத்தின் சட்டத்தில் ஒரு வரி ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உயிருள்ள சிப்பி ஏ வகுப்பு நீரிலிருந்து வந்ததாகவோ, சுத்திகரித்து முடித்ததாகவோ இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டன் 'வெளிநாடு' ஆனது. மெனாய் மசலுக்கு அன்றே கதவு மூடியது. நண்டும் சிங்கி இறாலும் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்தன. பி வகுப்புச் சிப்பிக்கு வழியே இல்லை.

இது தெரியாமலா வெளியேறினார்கள்?

தெரிந்திருக்க வேண்டும். இது தற்காலிகத் தடை, ஏப்ரலில் புதிய சான்றிதழ் வந்ததும் வியாபாரம் தொடரும் என்றுதான் பிரிட்டன் அரசு தொழிலில் இருப்பவர்களிடம் சொல்லிவந்தது. 2021 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம், இது தற்காலிகம் அல்ல, எங்கள் சட்டம் இதுதான் என்று சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ், சுகாதார ஆணையர் ஸ்டெல்லா கிரியாகிடிஸுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தால் சட்டம் மாறவில்லை.

ஐரோப்பா பழிவாங்கியது என்று பிரிட்டனில் பலர் இன்றும் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வரி பிரெக்ஸிட்டுக்கு முன்பிருந்தே இருக்கிறது. பிரிட்டனும் உறுப்பினராக இருந்த காலத்தில் நடப்பிலிருந்த சட்டம் அது. நேற்று வரை தின்ற சிப்பி இன்று எப்படி ஆபத்தானது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கடல் ஓரிரவில் அழுக்காகிவிடவில்லை. ஆனால் அந்த நியாயத்தைப் பேச வேண்டிய இடம் 2020-ன் பேச்சுவார்த்தை மேசை. உணவுச் சோதனை பற்றி விரிவான உடன்பாடு வேண்டாம் என்று அங்கே முடிவெடுத்தவர்கள் மெனாய்க்காரர்கள் அல்லர்.

பிரிட்டனிலேயே சுத்திகரித்து அனுப்பினால் என்ன?

அனுப்பலாம். புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கிய கடல்நீர்த் தொட்டியில் சிப்பியை 42 மணி நேரம் வைத்திருந்து, பொட்டலமிட்டு, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். ஆளி வியாபாரிகள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மசலுக்குக் கணக்கு உதைக்கிறது. ஒரு லாரிக்கு 20 டன் போகும் தொழிலுக்கு அவ்வளவு பெரிய தொட்டிகள் இல்லை. கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும். கட்டிச் சுத்திகரித்தாலும் சிப்பியின் ஆயுளில் இரண்டு நாள் தொட்டியிலேயே போய்விடும். நெதர்லாந்து வியாபாரிக்கும் அது தேவையில்லாத பொருள். அவர் வாங்குவது கச்சா மசல். கழுவிப் பொட்டலமிடுவதில்தான் அவருக்கு லாபம்.

நீரையே சுத்தமாக்கிவிட்டால்?

அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பி வகுப்புக்கு ஒரு முக்கியக் காரணம், மழைக்காலத்தில் சாக்கடைக் குழாய்கள் நிரம்பி ஆற்றிலும் கடலிலும் வழிவது. தெற்கு இங்கிலாந்தின் சதர்ன் வாட்டர் நிறுவனம் கென்ட், ஹாம்ப்ஷயர் கரைகளில் கழிவைக் கொட்டியதற்காக 2021 ஜூலையில் 90 மில்லியன் பவுண்டு அபராதம் கட்டியது. ஆக, சிப்பி மீனவர் இருபக்கமும் இடி வாங்குகிறார். கழிவைக் கொட்டுபவர் ஒருவர், சந்தையை மூடுபவர் இன்னொருவர், வேலை போவது அவருக்கு.

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2021-ல் மாதிரி எடுக்கும் முறையைத் திருத்தி, சில படுகைகள் ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டும் ஏ வகுப்பு பெற வழி செய்தது. சிலருக்கு உதவியது. சாக்கடை அப்படியே இருக்கிறது.

உள்நாட்டிலேயே விற்கக் கூடாதா?

முயன்றார்கள். 2021 தொடக்கத்தில் கார்ன்வால் மீன் உற்பத்தியாளர்கள், பெரும்பாலும் ஸ்பெயினுக்கே போய்க்கொண்டிருந்த சிலந்தி நண்டுக்கு 'கார்னிஷ் ராஜ நண்டு' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். சிலந்தி என்றாலே உள்ளூர்க்காரர் முகம் சுளிக்கிறாராம். ராஜா என்றால் தட்டில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. நண்டு அதே நண்டுதான். துறைமுகத்திலேயே நேரடியாக விற்பதும், வீட்டுக்கு அனுப்புவதும் சிலருக்குக் கைகொடுத்தன.

ஆனால் ஒரு நாட்டின் நாக்கு ஓரிரு வருடத்தில் மாறாது. வெல்க் பிடிப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு. அவர்களுடைய முக்கியச் சந்தை தென் கொரியா.

அந்நியப் படகுகள் கரையோரத்தை விட்டுப் போய்விட்டனவா?

இல்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் தங்களுக்கே என்றுதான் பிரச்சாரத்தில் கேட்டு நம்பியிருந்தார்கள். தெற்கு வட கடல், ஆங்கிலக் கால்வாய், பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதிகளில் 6 முதல் 12 மைல் வரை, முன்பு அங்கே பிடித்துவந்த ஐரோப்பியப் படகுகள் தொடர்ந்து வரலாம் என்றது ஒப்பந்தம். கூடு வைக்கும் மீனவருக்கு இதில் தனி அச்சம் உண்டு. அவருடைய கூடுகள் கயிறு கட்டி நாட்கணக்கில் கடலடியில் கிடப்பவை. பெரிய இழுவலைக் கப்பல் ஒன்று மேலே போனால் கூடும் கயிறும் நண்டும் சேர்ந்து போய்விடும்.

ஜெர்சி தீவில் போர்க்கப்பல் வந்ததே, அது என்ன கதை?

பிரான்ஸ் கரையிலிருந்து 14 மைலில், பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருக்கும் தீவு ஜெர்சி. சங்கு, ஸ்காலப் என்னும் விசிறி வடிவச் சிப்பி, நண்டு, சிங்கி இறால் பிடிக்கும் ஜெர்சிக்காரரும் எதிர்க்கரையில் உள்ள பிரான்ஸின் நார்மண்டிக்காரரும் கிரான்வில் வளைகுடாவைப் பகிர்ந்துகொள்ள 2000-ல் ஓர் உடன்படிக்கை இருந்தது. பிரெக்ஸிட்டோடு அது போனது. பழைய பழக்கத்துக்கு ஆதாரம் காட்டினால்தான் உரிமம் என்று புதிய முறை வந்தது: 2017 முதல் 2020 வரையான காலத்தில், ஏதாவது ஓர் ஆண்டில் 10 நாளுக்கு மேல் அங்கே பிடித்திருக்க வேண்டும். சின்னப் படகில் பதிவுக் கருவி ஏது? டைரியும் நினைவும்தான். 2021 ஏப்ரல் இறுதியில் 41 பிரெஞ்சுப் படகுகளுக்கு உரிமம் வந்தபோது, முன்பின் பேசாத நிபந்தனைகளும் கூடவே வந்தன.

மே 6 அன்று சுமார் 60 பிரெஞ்சுப் படகுகள் செயின்ட் ஹெலியர் துறைமுகத்தை முற்றுகையிட்டன. பிரெஞ்சு அமைச்சர் அன்னிக் ஜிரார்தான் தீவின் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று கோடி காட்டினார். ஜெர்சியின் மின்சாரத்தில் பெரும்பங்கு பிரான்ஸிலிருந்து கடலடிக் கம்பியில் வருவது. பிரிட்டன் அரசு செவர்ன், டேமர் என்னும் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. சண்டைக்கு வந்தவர்களும் எதிரே நின்றவர்களும் ஒரே அளவுப் படகு வைத்திருப்பவர்கள். பல தலைமுறையாக முகம் தெரிந்தவர்கள். செய்தியில் அது இரண்டு நாடுகளின் மோதலாகத் தெரிந்தது. ஜெர்சி மீனவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது: பிடித்ததை எதிர்க்கரை நார்மண்டித் துறைமுகங்களில்தான் இறக்கி விற்க வேண்டும். அங்கே கோபம் அடங்கும்வரை இறக்குவது எப்படி?

ஸ்காலப் சண்டையும் பிரெக்ஸிட்டால் வந்ததா?

அது அதற்கும் முந்தியது. 2018 ஆகஸ்ட் 28 அன்று பிரான்ஸின் சேன் வளைகுடாவில் 35 பிரெஞ்சுப் படகுகள் 5 பிரிட்டிஷ் படகுகளை வளைத்துக் கல்லெறிந்தன. பிரெஞ்சுக்காரருக்கு மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய ஸ்காலப் எடுக்கத் தடை. அன்று பிரிட்டிஷ் சட்டத்தில் அந்தத் தடை இருக்கவில்லை. 2021 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் ஸ்காலப் கப்பலைப் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள் என்பது உரிமத் தகராறின் பகுதி.

இழப்பீடு கிடைத்ததா?

2021 ஜனவரியில் 23 மில்லியன் பவுண்டு நிதி அறிவித்தார்கள். ஏற்றுமதியில் நட்டம் காட்டியவர்களுக்கு அது. மூடிய சந்தைக்கு அது ஈடாகவில்லை.

2025 மே மாத ஒப்பந்தம் எதை மாற்றியது?

மே 19 அன்று லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் இரு தரப்பும் கூடின. ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் பிடிக்கும் அனுமதி மேலும் 12 ஆண்டுகளுக்கு, 2038 ஜூன் 30 வரை நீண்டது. பதிலுக்கு, உணவு, கால்நடை, தாவரச் சோதனைகளைப் பெருமளவு நீக்கும் உடன்பாடு ஒன்றைப் பேசி முடிக்கச் சம்மதித்தார்கள். அது நடைமுறைக்கு வந்தால் சுகாதாரச் சான்றிதழ் பெரும்பாலும் தேவைப்படாது. பி வகுப்புச் சிப்பிக்கும் கதவு திறக்கும் என்பது பிரிட்டன் அரசின் வாக்கு. விலையாக, ஒன்றியத்தின் உணவுச் சட்டம் மாறும்போதெல்லாம் பிரிட்டனும் கூடவே மாற வேண்டும். மீன்பிடிச் சான்றிதழும் சுங்க அறிக்கையும் அப்போதும் இருக்கும்.

வலைக் கப்பல்காரர்கள் இதைத் துரோகம் என்றார்கள். சிப்பிக்காரர் பலர் மூச்சு விட்டார்கள். இருவருமே தத்தம் கணக்கில் சரிதான். 'மீனவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருவரையும் அடைத்ததுதான் ஆரம்பப் பிழை. கூடவே 12 ஆண்டுகளுக்கு 360 மில்லியன் பவுண்டு கடலோர வளர்ச்சி நிதியும் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனின் மீனில் பாதிக்கு மேல் பிடிக்கும் ஸ்காட்லாந்துக்கு அதில் 28 மில்லியன்தான் என்றதும் அங்கே கொதித்தார்கள்.

இவர்களே பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தவர்கள்தானே?

பலர் ஆம். 2016-ல் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வில் பேசிய மீனவர்களில் 92 சதவீதம் வெளியேற வாக்களிப்பதாகச் சொன்னார்கள். தேம்ஸ் ஆற்றில் படகு ஊர்வலமும் நடந்தது. ஆனால் "நீதானே கேட்டாய்" என்று கைகழுவுவது எனக்கு ஒவ்வாது. அவர்கள் கேட்டது 12 மைல் கடல். கிடைத்தது கால்நடை மருத்துவரின் கையெழுத்து.

எல்லாத் துன்பத்துக்கும் பிரெக்ஸிட்தான் காரணமா?

அதுவும் தவறு. 2020-லேயே கொரோனா ஐரோப்பிய உணவகங்களை மூடியது. சந்தை அப்போதே சுருங்கியிருந்தது. 2021 இலையுதிர்காலத்தில் வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் கழிமுகத்தை ஒட்டிய கரைகளில் நண்டுகள் குவியலாகச் செத்து ஒதுங்கின. 2025-ல் டெவன், கார்ன்வால் கரையில் ஆக்டோபஸ் கூட்டம் பெருகி, கூட்டுக்குள்ளேயே நுழைந்து நண்டைத் தின்றுவிட்டு வெறும் ஓடுகளை விட்டுப்போனது. அதற்கு எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை.

பிரிட்டிஷ் கடைகளில் விற்கும் மசலை நம்பிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கடைக்கு வருவது ஏ வகுப்பாகவோ சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும். பையில் முத்திரையும் தேதியும் இருக்கும். சமைப்பதற்கு முன் தட்டினால் மூடாததையும், சமைத்த பின் வாய் திறக்காததையும் ஒதுக்கிவிடுங்கள்.